தாய்மாமனுக்குச் சொல்லாத காது

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்கிற வரிசை எனக்குச் சரியாக வராது. எங்கள் அளத்துக்குடியில் இதை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். டீக்கடையில் கேட்டால் நிழல் கல்யாணப் பந்தல் அளவுக்கு இருந்தது என்பார்கள். அது பொய். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள், நிழல் மிகவும் அகலமாகப் போன நாளிலும் ஒவ்வொரு காதுக்கும் கீழே பன்னிரண்டு பேர்தான் உட்கார முடிந்தது. கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. இதில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் எனக்கு நல்லது, ஆனால் என் மகள் செய்ததன் அருமை யாருக்கும் விளங்காது. அதனால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் உப்பளம், நாலாவது பக்கம் கடல். மண்ணெல்லாம் உப்பு என்பதால் ஒரு முருங்கைகூட நட்டு வளர்க்க முடியாது. விடியும் முன்னால் பாத்தியில் இறங்கி, உப்பை வாரி வரப்பில் குவித்து, பத்து மணிக்குக் கஞ்சி குடிக்கக் கரையேறினால் உட்கார ஒரு கை அகலம் நிழல் கிடையாது. மேலே வெயில், கீழே உப்பு திருப்பி அடிக்கிற வெயில், நடுவில் நாங்கள். இந்த ஊரில் பிறந்த என் மகள் சந்தனமாரிக்கு என் அண்ணன் பொன்மாடனுடைய காது. முன்பக்கமாக விரிந்து, இரண்டு கைப்பிடி வைத்த ஜாடி மாதிரி தலைக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிற காது. அது எங்கள் குடும்பத்தில் வருகிறது. என்னைத் தாண்டிப் போய் மகளைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் காதில் முதல் ஊசி படுவது தாய்மாமன் மடியில்தான். தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து, தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆசாரி ஊசியை எடுப்பார். சந்தனத்துக்குப் பதினோரு மாதத்தில் காது குத்தினோம். பிள்ளை அழுததைவிட அண்ணன் அழுததுதான் பெரிய அழுகை. எல்லாரும் சிரித்தபோது, "சிரிக்காதிய. எங்காதுலா இது, எனக்கு வலிக்காதா?" என்றார். அந்தச் சொல் என் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்தக் காது அண்ணனுடையது, என் மகள் தலையில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று இருபத்திரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவளை அரிசி புடைக்கிற சொளவு என்றார்கள், ஜாடி என்றார்கள், பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வண்டி பறந்துவிடும் என்றார்கள். அவள் அழவில்லை, முடியை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக் காதை மூடிக்கொண்டாள். பிறகு டவுனில் பெரிய ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. அங்கே எல்லாப் பெண்களும் முடியைப் பின்னால் ஒட்ட வாரி வலை போட்டுக் கொண்டை கட்ட வேண்டும் என்பது சட்டம். சந்தனம் இரண்டு நாள் யோசித்தாள், மூன்றாம் நாள் தானே பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்துவிட்டாள்.

அந்த டாக்டரம்மாவை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். சின்ன உருவம், கல்லூரிப் பிள்ளை மாதிரி இருந்தார். ஒரு காகிதத்தை எடுத்து மடித்து, காதுக்குப் பின்னால் கீறி, உள்ளே இருக்கிற குருத்தெலும்பை இப்படி மடித்து, மடிப்பு கலையாமல் தைத்து, தோலை மூடிவிடுவோம் என்று காட்டினார். நான் முப்பது கேள்வி கேட்டேன். காது கேட்காமல் போகுமா, மூளையில் ஊசி படுமா, இடியிடித்தால் தையல் விடுமா என்று கேட்டுக்கொண்டே போனேன். முப்பதுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சந்தனம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "முழிச்சிக்கிட்டே இருப்பனா டாக்டர்?" ஆமாம், காது மட்டும்தான் மரத்துப்போகும் என்றதும், சரி என்று சொல்லிவிட்டாள்.

நான் அண்ணனுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தோணியில் சமையல் வேலை, பாதி வருஷம் கடலில்தான் இருப்பார். எனக்கென்று தரையில் இருக்கிற ஒரே ஆள் அண்ணன். என் காது உனக்கு அசிங்கமாகப் போயிற்றா என்று அவர் கேட்டுவிட்டால், கேட்டுவிட்டு என் வாசலை மிதிக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன்? எங்கள் ஊரில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து உடம்பில் விழுந்த பிறகுதான் பாடை எழும்பும். எங்கள் தெரு வள்ளித்தாய் செத்தபோது அண்ணன் தம்பிகளோடு சண்டை என்பதால் யாரும் கோடி கொண்டு வரவில்லை, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவள் வாசலில் கிடந்தாள், ஈயை விரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பயம் எனக்குள் போன நாளிலிருந்து அண்ணன் முகம் சுளித்தாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு, மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். என்னை உள்ளே விடவில்லை. இரண்டு மணி நேரம் என் பிள்ளை தனியாக உள்ளே கிடந்தாள்.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். தலையோடு ஒட்டிய இரண்டு சோழி மாதிரி, அப்படி ஒரு அழகு. சந்தனம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள், நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு முன்பகலில் பஸ்சைவிட்டு இறங்கி, பாத்திக்கு நடுவே வரப்பில் நடந்து வந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். இடது பக்கம் உப்பு அம்பாரம் வெள்ளை வெளேர் என்று நீளமாக நின்றது. அதில் எங்கள் நிழல் நடந்து வந்தது. என் நிழல் என் மாதிரி இருந்தது. அவள் நிழலில் பழைய காது அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது.

முதலில் பார்த்துச் சொன்னது சொர்ணம். என்னோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள், வாய் சும்மா இருக்காது. உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு எங்களையும் அம்பாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏட்டி கனி, திருநெல்வேலிக் கல்யாணத்துல காதை மொய்யா வச்சிட்டு வந்துட்டாளா ஒம் மக?" என்றாள். பிறகு அம்பாரத்தைக் காட்டி, "வச்சதும் நிக்கலியே, பின்னாலயே வந்திருக்கே" என்றாள்.

அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் பயப்படவில்லை. பிள்ளைகள் நிழலின் காதில் குதித்துப் பார்த்தார்கள். கங்காணி தங்கப்பழம் வந்து, இது வேலை நேரத்தில் கூட்டம் கூடுகிற விஷயமா என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு தடவை குனிந்து தொட்டுப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மாடசாமி கோயிலில் சாமியாடியிடம் கேட்டோம். சாமி வேறு யாருடைய ஆடு காணாமல் போனதற்கோ பதில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிழலை நன்றாகப் பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் தையலைத் தொட்டுப் பார்த்தார்.

"தையல் சரியாத்தாம்மா ஆறியிருக்கு," என்றார். "நிழல் எங்க டிபார்ட்மென்ட்ல வராது."

"வேற யாரு பாப்பாங்கம்மா?"

மருந்துச் சீட்டை எடுத்தார். "தெரியலை. வலிக்குதான்னு மட்டும் பாத்துக்கிடுங்க," என்று சொல்லி, வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஜவுளிக்கடையில் எட்டு பக்கமும் விளக்கு. சந்தனம் கொண்டை கட்டிக்கொண்டு முதல் நாள் போய் நின்றதும் பதினாறு காது நிழல் சுவரிலும் மேசையிலும் விரித்துப் போட்ட சேலையிலும் விழுந்தது. வந்தவர்கள், "இது மாம்பழக் கலரா மஞ்சளா? கொஞ்சம் காதைத் தள்ளி வச்சுக்கம்மா" என்றார்கள். மூன்றாம் நாள் மேலாளர் தன்மையாகத்தான் சொன்னார்: நிழல் சரியானதும் வாம்மா, ஒன் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அவள் திரும்பி வந்து, அம்மா, எனக்கும் ஒரு பலகை வாங்கு என்று என்னோடு பாத்தியில் இறங்கிவிட்டாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. கொண்டையையும் அவிழ்க்கவில்லை.

பங்குனி பிறந்ததும் நிழல் வளரத் தொடங்கியது. நாளுக்கு ஒரு சாண். உச்சி வேளையில் மனுஷர் நிழலெல்லாம் காலடிக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். அந்த இரண்டு காது மட்டும் சுருளாமல் இரண்டு பக்கமும் விரிந்து பாத்தி மேல் கிடக்கும். ஒரு நாள் கஞ்சி குடிக்கக் கரையேறிய சொர்ணம் தெரியாமல் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்தாள், வாயைத் துடைத்தாள், கண்ணை மூடினாள். "ஏட்டி," என்றாள், "இங்க வந்து பாருங்கட்டி. வேப்பமரத்துக்குக் கீழ இருக்க மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அது ஊர் வழக்கமாகிவிட்டது. பத்து மணிக்குச் சந்தனம் வரப்பின் நடுவில் போய் நிற்பாள், பெண்கள் வந்து உட்காருவார்கள், முதலில் நாலு பேர், பிறகு எட்டு, சித்திரையில் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு பேர். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வயதானவர்களுக்கும் காது மடலின் அடிப்பக்கம், அங்கேதான் குளிர்ச்சி அதிகம். கைப்பிள்ளைகளைத் துணி விரித்து நடுவில் போடுவார்கள், அதுகள் கத்தாமல் தூங்கும். கடல் காற்று படுவதால் இடது காது ஒரு பங்கு கூடுதல் குளிர்ச்சி என்று ஒரு பேச்சு கிளம்பி, இடது காதுக்காரிகள் வலது காதுக்காரிகள் என்று இரண்டு கட்சியாகி, ஒரு கட்சி இன்னொரு கட்சிக்குத் துவையல்கூடக் கொடுக்கவில்லை. கங்காணி உப்பின் தரம் பார்க்கிறேன் என்று வந்து இரண்டு கட்சியிலும் மாறி மாறிக் குந்தியிருப்பார். உட்கார்ந்தால் நிழல் குறுகிவிடும் என்பதால் சந்தனம் நின்றுகொண்டே கஞ்சி குடித்தாள். அவள் நிற்கிற நேரத்துக்கு அவள் பாத்தியை மற்றவர்கள் முறை வைத்து வாரிக் கொடுத்தார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாகவே அப்படி ஆனது.

ஆனால் நிழல் கனத்தது. நிழலுக்குக் கனம் உண்டா என்று கேட்காதீர்கள், மாலையில் அவள் வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் இரண்டு ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி வருவாள், வரப்பில் உப்பு கோடு கோடாகச் சரிந்திருக்கும். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கும். நல்லெண்ணெய் காய்ச்சி நான் நீவிவிடுவேன். நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை: தாய்மாமன் மடியில் உட்காராமல் காதில் ஊசி பட்டது, மாமனுக்குச் சொல்லாத காது போகாமல் நிற்கிறது.

அண்ணன் ஓடைக்கு அந்தப் பக்கம், அடுத்த அளத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருவார். அவர் வருகிற நேரம் சந்தனத்துக்குக் காதுவலி என்று சொல்லி, தலையில் துண்டைச் சுற்றி, இருட்டு அறையில் படுக்கவைத்துவிடுவேன். பாவம், கதவோரம் நின்று, "சூடா வசம்பு வச்சுக் கட்டுனியாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போவார். அளத்துக்குடி முழுவதும் அவரைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டது. அதற்கு நான் சொர்ணத்திடம் நன்றி சொன்னபோது, "நன்றியெல்லாம் வேண்டாம். ஒனக்குக் கோடி வராட்டா நாத்தத்துல கெடக்கப்போறது நாங்கதானட்டி" என்றாள்.

அக்னி நட்சத்திரம் முடிய மூன்று நாள் இருந்தது. பகல் பன்னிரண்டு மணி, வெயில் தாங்காமல் எல்லாரும் மறுபடி நிழலுக்கு வந்திருந்தோம். கரை மேல் ஒரு டிராக்டர் ஆடிக்கொண்டே வந்து நின்றது. முன்னே பின்னே தெரியாத இரண்டு பேர் இறங்கி, பின்னாலிருந்து ஒரு பலகையில் ஆளைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"இங்கதான நிழலு இருக்குன்னாவ? வெயிலடிச்சி விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் கரையைச் சுத்தி வரணும், முக்கா மணி நேரமாவுமாம். அதுவரைக்கும் கொஞ்சம் எடம் குடுங்க."

இடது காதுக்காரிகள் பன்னிரண்டு பேரும் எழுந்து வெயிலுக்குப் போனார்கள். பலகையை நிழலில் வைத்தார்கள். முகம் முழுக்க உப்பு அப்பியிருந்தது, உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. தலைத்துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காதைப் பார்த்துத்தான் அது என் அண்ணன் என்று தெரிந்துகொண்டேன்.

சொர்ணம் பானைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள், ஒருத்தி முந்தானையால் வீசினாள், ஒருத்தி உள்ளங்காலைத் தேய்த்தாள். நான் அழுதேன், அண்ணே அண்ணே என்று கூப்பிட்டேன். கால் மணி நேரம் இருக்கும், அவர் இமை லேசாக ஆடியது. அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எழுந்து போய் மகள் பக்கத்தில் நின்று, மெதுவாகச் சொன்னேன்: "ஏட்டி, நகரு."

அவளுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"மாமா கண்ணு முழிக்கப் போறாவ. பாத்துருவாவ. தண்ணிதான் ஊத்திட்டாவல்லா, வண்டியும் வந்துரும். நகந்துரு."

"நான் நகந்தா வெயிலு நேரா மாமா மூஞ்சிலதான் விழும்."

"நாங்க நாலு பேரு சுத்தி நின்னு மறைச்சுக்கிடுதோம்."

"ஒங்க நிழலு எங்க கெடக்குன்னு பாரும்மா."

பார்த்தேன். என் நிழல் என் காலுக்கடியில், ஒரு தட்டு அகலத்துக்குக் கிடந்தது. வேறு வழி தெரியாமல் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். அவள் ஒரு அடிகூட அசையவில்லை.

"எம்மா, ஒனக்குக் கோடி வேணும், எனக்கு மாமா வேணும்," என்றாள். "மாமா இருந்தாத்தானம்மா கோடியும் வரும். கைய விடு."

கையை விட்டேன். என் வயிற்றில் பிறந்த பிள்ளையா இது என்று அந்த வெயிலில் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூரியன் நகர நகர அவள் குதிகாலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். நிழல் மாமன் முகத்தைவிட்டு விலகவே இல்லை. கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது. தலையில் துண்டுகூட இல்லை.

அண்ணன் கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார், வானம். கீழே கையால் தடவிப் பார்த்தார், குளிர்ச்சி. "இங்க எப்ப மரம் வச்சிய?" என்று கேட்டார்.

சொர்ணம்தான் துணிந்து, "மேகம் அண்ணாச்சி, ஒரு துண்டு மேகம்" என்றாள். வானம் துடைத்த மாதிரி கிடந்தது.

"மேகம் இல்ல மாமா," என்றாள் சந்தனம். "என் காது."

அவர் தலையைத் திருப்பி, தன்னைச் சுற்றிக் கிடந்த நிழலின் ஓரத்தைக் கண்ணாலேயே ஒரு சுற்று சுற்றினார். தன் காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், ஒட்டியிருந்த காதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"வலிச்சுதாட்டி?" என்றார்.

"மரத்துப்போற ஊசி போட்டாவ மாமா. நெனச்ச அளவுக்கு இல்ல."

"யாரு மடில உக்காந்திருந்த?"

"மடியெல்லாம் கெடையாது மாமா. கட்டில்தான்."

"அம்மை கூட இருந்தாளா?"

"யாரையும் உள்ள விடமாட்டாவ."

"ஒத்தையிலயா கெடந்த," என்றார் அண்ணன், அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி உப்பில் கோடு போட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. காலடியில் உட்கார்ந்து, "நாந்தான் சொல்லலண்ணே, ஒங்க காதாச்சே, கோவிச்சுக்கிட்டு வராமப் போயிருவியளோன்னு" என்று அழுதேன்.

"போடி கோட்டிக்காரி," என்றார். குரல் பாதிதான் வந்தது. "எங்காது எனக்கே பிடிக்காது. சின்னப்புள்ளையில சோத்துப் பசையை ஒட்டி, துண்டை இறுக்கிக் கட்டிட்டுப் படுப்பேன். காலையில பாத்தா ரெண்டும் முன்னமாதிரி நிக்கும். நீ கைப்புள்ள அப்போ, ஒனக்குத் தெரியாது." மூச்சு வாங்கினார். "காதைத் தச்சதுக்கு வருத்தம் இல்லட்டி. எங்கிட்ட ஒரு சொல்லு சொல்லியிருந்தா வாசல்லயாவது வந்து உக்காந்திருப்பம்லா. எந்திரிச்சு உக்கார முடியட்டும், மடில வச்சுக்கிடுதேன்."

அதைக் கேட்டதும் சுற்றி நின்ற பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மடியில் வைத்துக்கொண்டால் நிழல் போய்விடும். அளம் மூட இன்னும் ஐந்து மாதம் இருந்தது. சொர்ணம் தொண்டையைச் செருமினாள். "அண்ணாச்சி, அதுக்கு அவசரம் ஒண்ணும் இல்லியே? ஒடம்பைத் தேத்திக்கிட்டு மெதுவா..."

சந்தனம் சிரித்துவிட்டாள். இருபத்துநாலு பேரையும் பார்த்தாள், துணியில் தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தாள். "மழை வரட்டும் மாமா," என்றாள். "பாத்தியை மூடுன பொறவு உக்காந்துக்கிடுதேன்."

"கனக்கலியாட்டி ஒனக்கு?"

"கனக்குது. நின்னுக்கிடுவேன்."

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது அண்ணன் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், ஊரில் மூத்தவர் இளையவளைக் கும்பிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அசையாமல் நின்று நிழல் கொடுத்தவள் அவள், அந்த இடத்தில் கையைப் பிடித்து இழுத்தவள் நான். இதைத்தான் விடாமல் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன்.

ஐந்து மாதம் அவள் நின்றாள். ஆடிக் காற்றில் நிழல் படபடவென்று அடித்துக்கொண்டபோதும் நின்றாள். ஐப்பசியில் முதல் மழை விழுந்து பாத்தியெல்லாம் கரைந்து, பலகைகளைக் கழுவிக் கட்டிவைத்த அன்றைக்கு, அண்ணன் தேங்காய், பழம், வெல்லம், புதுத் துணி எல்லாம் தாம்பாளத்தில் வைத்து, மதினியோடு சீர் கொண்டு வந்தார். பதினோரு மாதப் பிள்ளைக்குக் கொண்டு வந்த அதே வரிசை, துணி மட்டும் பெரியது. கரையில் சாக்கு விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சந்தனம் வெட்கப்பட்டுக்கொண்டே போய் அவர் மடியில் உட்கார்ந்தாள்.

"ஆட்டுக்குட்டின்னு நெனச்சேன், எருமையால்லா இருக்க," என்றார் அண்ணன். "முட்டியெல்லாம் போச்சு. அசையாத."

தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் விரலை விட்டு, தழும்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார். உப்பு மூட்டை தைத்துப் பழகிய விரல் அது. "நல்ல தையல்," என்றார். "பிரியாது." பெண்கள் குலவை போட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் நிழல் இல்லை.

நாலு நாள் கழித்து வெயில் முகம் காட்டியது. ஊரே வாசலுக்கு வந்து நின்றது. சந்தனம் வெளியே வந்தாள். அவள் நிழல் அவள் மாதிரியே, கொண்டையோடு, ஒட்டின காதோடு சுவரில் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. பெண்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், இரண்டு மூன்று பேர் அழவும் செய்தார்கள். அடுத்த வாரமே அவள் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டாள். அவள் இடத்தை மேலாளர் சொன்னபடியே வைத்திருந்தார்.

தை மாதம் அளம் திறந்தபோது பத்து மணிக்குக் கரையேறிய பெண்கள் வெயிலில் உட்காரவில்லை, திரும்பிப் பாத்தியில் இறங்கவும் இல்லை. கங்காணி கத்தினார். "நிழல்ல குடிச்சு பழகிட்டோம் கங்காணி, வெயில்ல கஞ்சி எறங்கமாட்டேங்குது," என்றாள் சொர்ணம். மூன்று நாள் ஒரு பலகையும் அசையவில்லை. நாலாம் நாள் முதலாளி ஓலைக் கொட்டகை போட ஆள் அனுப்பினார். ஒன்று போதாது, இரண்டு போட வேண்டியதாயிற்று. இடது காதுக்காரிகள் வலது காதுக்காரிகளோடு உட்கார மாட்டோம் என்றுவிட்டார்கள்.

எனக்குத்தான் பயம் போகவில்லை. பங்குனியில் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே அண்ணனுக்கு ஆள் சொல்லிவிட்டேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். "பல்லுக்குமாட்டி?" என்றார். பல்லுக்கும்தான் என்றேன். ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்றார் பல் டாக்டர். அப்படியானால் பல்லே வேண்டாம் என்று நான் எழுந்துவிட்டேன், பிறகு அண்ணனையும் விட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

பிடுங்கி முடித்து, வாய் நிறையப் பஞ்சோடு வாசலுக்கு வந்தேன். தெருவில் பதினொரு மணி வெயில் அப்படியே கிடந்தது. என்னால் படி இறங்க முடியவில்லை. கீழே என் நிழலைப் பார்க்கச் சொல்லி அண்ணனுக்குச் சைகை காட்டினேன். அவர் என்னை வெயிலில் ஒரு காலை வைக்கச் சொல்லி, குனிந்து நன்றாகப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு, வா," என்றார். அண்ணன் எனக்காகப் பொய் சொல்லக்கூடியவர். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் கடை வாசலில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. கையால் காட்டி, ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடையாக ஒன்று வாங்கிவரச் செய்து, படியில் நின்றே விரித்து, அதற்குப் பிறகுதான் இறங்கினேன்.

"மழையும் இல்ல ஒண்ணும் இல்ல, என்னத்துக்குட்டி?" என்றார் அண்ணன். வாயில் பஞ்சு, பதில் சொல்ல முடியவில்லை. குடையை அவர் பக்கமும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்களுக்கு முன்னால் வட்டமாக ஒரே ஒரு நிழல்தான் போயிற்று. பஸ்சுக்குள் ஏறி உட்கார்ந்த பிறகும், கண்டக்டர் வந்து இரண்டு தடவை சொல்லும்வரை, நான் அதை மடக்கவில்லை.